கடைசிப் பக்கத்திலும் பிடிக்காது

சென்ற மாதம் ஒரு டாக்டர் என் மகனுக்கு ஆட்டிசம் என்று சொன்னார். அவனுக்கு எட்டு வயது. டாக்டர் நல்லவர், தாளில் படம் போட்டு அரை மணி நேரம் நிதானமாக விளக்கினார். நான் இரண்டு பட்டம் வாங்கியவள், புத்தகம் படிக்கிறவள். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுவிட்டு எழுந்திருக்கும்போது, "எப்ப சார் சரியாவும்?" என்று கேட்டேன். கேட்ட மறுகணமே கூசிப்போனது. அந்தக் கேள்வி என் வாயிலிருந்துதான் வந்தது என்பதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. மூலக்குளத்து வீட்டில் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று நினைவு வரும். கை அப்படியே நின்றுவிடும்.

அதற்கப்புறம், பதறிப்போன படித்த அம்மாக்கள் செய்வதை நானும் செய்தேன். அவனைப் போன்ற பிள்ளைகள் வருகிற கதைப் புத்தகங்களைத் தேடித் தேடி வாங்கினேன். வழவழப்பான தாள், அழகான படங்கள். எல்லாவற்றிலும் ஒரே பையன்தான் இருந்தான். முதலில் யாருடனும் பேச மாட்டான். நடுவில் எல்லாரும் கேலி செய்வார்கள். கடைசியில் வெள்ளத்தையோ கணக்குப் போட்டியையோ தன்னந்தனியாக வென்று, ஊரே கைதட்ட, எல்லாரையும் பார்த்துச் சிரிப்பான். கணக்கு வராத, எதையும் வெல்லாத, சும்மா இருக்கிற பையன் ஒரு புத்தகத்திலும் இல்லை. மூன்றாவது புத்தகத்தை வாசித்து முடித்தபோது என் மகன் அந்தக் கைதட்டும் படத்தின்மேல் விரலை வைத்து, "பொய்" என்றான். புத்தகத்தை மூடி அலமாரியின் அடித்தட்டில் சொருகினான்.

அந்தச் சொல்லை, ஏறக்குறைய அதே மாதிரியான ஒரு பக்கத்தில், நான் முன்பே ஒரு தடவை வாங்கியிருக்கிறேன். சிவப்பு மையில். எழுதியது என் அக்கா. பொய் சொன்ன எழுத்தாளர் நான்.

அப்போது எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. புதுச்சேரி முதலியார்பேட்டையில், பஞ்சாலைச் சங்கு ஊதினால் அடுக்களைத் தட்டுகள் அதிரும் தூரத்தில் எங்கள் தெரு இருந்தது. பாதி வீடுகளில் ஆண்கள் ஆலைக்குப் போகிறவர்கள், அப்பாவும் சேர்த்து. அக்காவைத் தெருவில் "ஒரு மாதிரி" என்பார்கள். எந்த மாதிரி என்று யாரும் சொன்னதில்லை. அவளுக்கு இப்போது ஐம்பதைத் தொடும் வயது. இங்கேயே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லேபிள் சரிபார்க்கிறாள். என் மகனுக்கு இருப்பதற்கு டாக்டர் பெயர் சொன்ன அன்றுதான் அந்த மாதிரி எந்த மாதிரி என்று எனக்கும் தெரிந்தது.

அக்கா பேசாதவள் இல்லை. தேவையானதைத் தேவையானபோது பேசுவாள். வாசலில் நின்று "சாப்பிட்டியா?" என்று கேட்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாள், அவர்களுக்குப் பதில் வேண்டியதில்லை என்பதை எப்படியோ கண்டுபிடித்து வைத்திருந்தாள். சங்கு ஊதுவதற்கு இரண்டு நிமிடம் இருக்கும்போதே காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விடுவாள். தொட்டால் தட்டிவிடுவாள். படிப்பில் சுமார், கணக்கில் என்னைவிட மோசம். அம்மா அவளை வெள்ளிக்கிழமை கோயிலுக்கும், சனிக்கிழமை மாதா கோயிலுக்கும், ஆற்றைத் தாண்டி அரியாங்குப்பத்தில் தண்ணீர் மந்திரித்துக் கொடுக்கும் ஒருவரிடமும் அழைத்துப் போவாள். எனக்குச் சோறு போடும்போதெல்லாம் அம்மா ஒரே கதையைச் சொல்வாள்: "பாத்துக்கினே இரு, ஒரு நாளு உங்க அக்கா கடகடன்னு பேசப்போறா. எல்லாரையும் பாத்து சிரிக்கப்போறா." நான் அந்தக் கதையோடு சேர்த்துத்தான் சோற்றை விழுங்கி வளர்ந்தேன்.

எங்கள் தெருவுக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை இருந்தது. பெயர் கமர்கட்டு. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கோடி வீட்டு அண்ணன்தான் ஆசிரியர். கையெழுத்து குண்டுகுண்டாக இருந்ததால் நான் துணை ஆசிரியர். மாதத்துக்கு ஓர் இதழ், இதழுக்கு ஒரே ஒரு பிரதி. அது பதினெட்டு வீடுகளுக்கு வரிசைப்படி போகும், வீட்டுக்கு ஒரு நாள். கடைசி ஆறு பக்கங்களைக் கோடு போட்டுக் காலியாக விட்டிருப்போம், வாசகர் கருத்துக்காக. அதைக் கொண்டுபோய்க் கொடுத்துத் திரும்ப வாங்கி அடுத்த வீட்டில் சேர்ப்பது அக்காவின் வேலை. அவளிடம் வரிசை தவறாது. அதற்குக் கூலியாக, புது இதழை எல்லாருக்கும் முன்னால் அவள்தான் படிப்பாள்.

வாசகர்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலோர் படிப்பதில்லை. "நன்று, வளர்க" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவார்கள். எட்டாம் வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா தாத்தா ஒவ்வோர் இதழிலும் "த்ரே பியான்" என்று எழுதுவார். ரொம்ப நன்று என்று அர்த்தமாம். ஒரு தடவை பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே அதை எழுதியிருந்தார்.

அந்த ஐப்பசியில் ஊரில் ஒரு வாசகர் மன்றம் கையெழுத்துப் பத்திரிகைகளுக்குப் போட்டி வைத்தது. பரிசு பெறும் பத்திரிகையிலிருந்து ஒரு கதையை மேடையில் வாசிப்பார்களாம். வாசகர் கருத்துக்கும் மதிப்பெண் உண்டாம். ஆசிரியர் அண்ணன் தூங்கவில்லை. நான் கதை எழுதினேன்.

கதையில் ஓர் ஊமைப் பெண். சங்குச் சத்தம் கேட்டால் நடுங்கி அழுவாள். ஊரே அவளைக் கேலி செய்யும். ஒரு நாள் ஒரு குழந்தை பெரிய வாய்க்காலில் விழுந்துவிட, அந்தப் பெண் முதல் முறையாக வாயைத் திறந்து "காப்பாத்துங்க!" என்று கத்துகிறாள். குழந்தை பிழைக்கிறது. அப்பா அவளைக் கட்டிப் பிடித்துக் கதறுகிறார். கடைசிப் பக்கத்தில் சங்கு ஊதுகிறது; அவள் காதைப் பொத்தவில்லை; சிரித்துக்கொண்டே எல்லாருடனும் கைதட்டுகிறாள். யாரைப் பற்றிய கதை என்று தெருவில் குழந்தைக்கும் தெரியும். அண்ணன் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ எங்கியோ போயிடுவ, பாப்பா" என்றார். எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் முதல் பரிசு அந்த வழியில்தான் இருந்தது.

புதன்கிழமை காலையில் இதழை அக்காவிடம் கொடுத்தோம். நன்றாகக் கருத்து எழுதக்கூடிய ஐந்து வீடுகளுக்கு மட்டும் காட்டி, சனிக்கிழமை சாயங்காலம் திருப்பித் தர வேண்டும் என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார். அவள் பத்திரிகையை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தாள். படித்து முடித்து, அப்பாவின் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். அதற்குள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் மழை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் அக்கா பத்திரிகையைக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் என் கதையைத் திறந்தார்.

"இன்னாடி இது?"

பக்கமெல்லாம் சிவப்பு. ஊமைப் பெண் என்ற முதல் வரிக்குப் பக்கத்திலேயே, "பொய். நான் பேசுவேன்." அழுகிற இடத்தில், "இவள் எதற்கு அழுகிறாள்? காது வலித்தால் பொத்திக்கொள்ளலாம்." வாய்க்கால் கட்டத்தில், "கத்தினால் போதாது. கயிறு வேண்டும்." அப்பா கட்டிப் பிடிக்கும் இடத்தில், "தட்டிவிடுவேன். அப்பாவுக்குத் தெரியும். அதனால் பிடிக்க மாட்டார்." கடைசியில், என் கண்ணீர் கைதட்டல் எல்லாவற்றுக்கும் குறுக்கே: "பொய். சங்கு எனக்குப் பிடிக்காது. கடைசிப் பக்கத்திலும் பிடிக்காது."

நான் அவள் முதுகில் ஓங்கி அறைந்தேன். என் வாழ்நாளில் அவளை நான் அடித்தது அந்த ஒரு தடவைதான்; அதை இங்கே எழுதாமல் விட்டால் இன்னொரு பொய்யாகிவிடும். அவள் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"என்னப் பத்திதான எழுதின? என்னக் கேக்கல" என்றாள்.

"கதடி அது! கதன்னா அப்பிடித்தான் இருக்கும்!"

"அப்ப வேற யாரையாவது எழுது."

அண்ணன் அதற்குள் கருத்துப் பக்கங்களைத் திருப்பிவிட்டிருந்தார். ஐந்து வீடு என்று சொல்லியிருந்தோம். ஆறு பக்கங்களில் ஐந்தரைப் பக்கம் நிறைந்திருந்தது. நாலு நாளில் பதினெட்டு வீட்டுக்கும் போயிருக்கிறாள். வரிசை மீறாதவள், ஒரு வீட்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கை மீறி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "படிங்க. படிச்சிட்டு எழுதுங்க" என்று சொல்லியிருக்கிறாள். படித்து முடிக்கும்வரை நகரவில்லை. யாரால் படிக்காமல் இருக்க முடியும்?

ரேஷன் கடைக்காரர் எழுதியிருந்தார்: "இந்தப் பெண் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் நாயிடம் நின்று பேசிவிட்டுத்தான் போகும். எங்களிடம்தான் பேசாது."

நெசவுப் பிரிவில் வேலை செய்த எதிர்வீட்டு மாமா: "ஆலையில் இருபது வருடம். சங்கு எனக்கும் பிடிக்காது. இந்தப் பெண்ணைப்போல நானும் காதைப் பொத்தியிருந்தால் வலது காது எனக்கு மிஞ்சியிருக்கும்."

பத்தாம் வீட்டுப் பையன், பென்சிலில்: "கதையில் பைத்தியம் என்று கூப்பிடுவது நான்தான். இனிமேல் கூப்பிட மாட்டேன். என் பெயரைப் போட வேண்டாம்."

சொல்தா தாத்தா முதல் முறையாகத் தமிழில் எழுதியிருந்தார்: "இதுவரை எந்த இதழையும் படிக்காமலே எழுதினேன். மன்னிக்கவும். இந்த முறை பெண் வாசலை விட்டுப் போகவில்லை. படித்தேன். சிவப்பு மை மிக நன்று. கறுப்பு மை பரவாயில்லை."

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் நான் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். காலை ஒன்பது மணிக்குப் போட்டி. இருப்பது ஒரே பிரதி. மறுபடி எழுத நேரமில்லை. அண்ணன் ஒரு பத்திரிகை ஆசிரியர் எடுக்கக்கூடிய முடிவை எடுத்தார்: "மைதா பசை காய்ச்சு."

சிவப்பு இருக்கும் இடமெல்லாம் வெள்ளைத்தாளைப் பட்டை பட்டையாக வெட்டி ஒட்டினோம். கருத்துப் பக்கங்களை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஒட்டிவிட்டோம். நான் பழிவாங்குவதுபோல் அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை. போகும்போது, "மழ பெய்யிது. காயாது" என்று மட்டும் சொன்னாள்.

காயவில்லை. மறுநாள் பள்ளிக்கூட அரங்கின் நீள மேசையில் மற்ற பத்திரிகைகள் மிடுக்காகக் கிடக்க, எங்கள் கமர்கட்டு பூரிபோல உப்பிக்கொண்டிருந்தது. நடுவர் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியை. ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் புரட்டி மதிப்பெண் போட்டுக்கொண்டே வந்தார். எங்களுடையதைத் திறந்தார். ஒரு பட்டை அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினார். போகவில்லை. கீழே இருந்த சிவப்பைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். அடுத்த பட்டையை அவரே நகத்தால் கிளப்பினார்.

பத்து நிமிடம் ஆயிற்று. கூட்டம் நெளிந்தது. அண்ணன் என் காதருகே, "போச்சு, பாப்பா" என்றார். அந்த அம்மாள் ஒட்டிய கருத்துப் பக்கங்களைக்கூட ஈரத்தோடு பிரித்துப் படித்தார். பிறகு எங்கள் பத்திரிகையுடன் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"ஒரு கதை வாசிக்கிறேன். ரெண்டு பேர் எழுதினது" என்றார்.

என் வரிகளை நெகிழ்ந்த குரலில் வாசித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் சிவப்பு வரியைக் கடைக்காரர் கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். முதல் "பொய்" என்றதும் யாரோ களுக்கென்றார்கள். கயிற்றுக்கு அரங்கமே சிரித்தது. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதுவரை எங்கள் வீட்டில் அந்தச் சிரிப்பு அக்காவுக்கு மட்டுமே கிடைத்துவந்தது. அன்று அவள் பக்கம் ஒருவர்கூடத் திரும்பிச் சிரிக்கவில்லை. "கடைசிப் பக்கத்திலும் பிடிக்காது" என்று அவர் வாசித்தபோது யாருமே சிரிக்கவில்லை. அடுத்து நெசவுப் பிரிவு மாமாவின் வலது காதை வாசித்தார். ஆலைக் குடும்பங்கள் நிறைய வந்திருந்தன. பின்வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். பிறகு எல்லாரும். கூரை பிய்ந்துவிடும்போலிருந்தது.

கதவோரம் நின்ற அக்கா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"கை தட்டாதீங்க, கை தட்டாதீங்க! யாருக்காகத் தட்டறீங்களோ அந்தப் பொண்ணே வெளிய போயிடுச்சு" என்று நடுவர் கத்தினார். அரங்கம் சட்டென்று அடங்கியது. முந்நூறு பேர் மூச்சுக்கூட விடாமல் ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா எட்டிப் பார்த்தாள். கையை எடுத்தாள். உள்ளே வந்தாள்.

"மேடைக்கு வாம்மா."

"எதுக்கு? இங்கியே கேக்குது."

"சரி, அங்கயே நில்லு. இந்தக் கதைய எப்படி முடிக்கலாம்? நீ சொல்லு."

அக்கா யோசித்தாள். அவள் யோசிக்கும்போது விட்டத்தைப் பார்ப்பாள். அரங்கத்தில் பாதிப் பேர் தாங்களும் விட்டத்தைப் பார்த்தார்கள்.

"முடியல. இன்னும் ஒரு வீடு பாக்கி" என்றாள். "எங்க அம்மா படிக்கல."

முதல் பரிசு கமர்கட்டுக்குத்தான். கோப்பையை அண்ணன் வாங்கினார். சான்றிதழில் கதை என்று என் பெயரும், திருத்தம் என்று அக்காவின் பெயரும் எழுதியிருந்தது. அக்கா அதை வாங்கி எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

நாங்கள் தெருவில் நுழைந்தபோது மழை விட்டிருந்தது. கோப்பையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு அண்ணன் முன்னால் போனார். வாசல் வாசலாக ஆட்கள் வெளியே வந்தார்கள். "நான் எழுதினதப் படிச்சாங்களா?" என்று எதிர்வீட்டு மாமா கேட்டார். படித்தார்கள் என்றதும், நல்ல காதுப் பக்கமாக இன்னொரு முறை சொல்லச் சொன்னார். ரேஷன் கடைக்காரர் தன் கருத்துக்குத்தான் பரிசு என்று மனைவியிடம் சாதித்துக்கொண்டிருந்தார். சொல்தா தாத்தா விறைப்பாக நின்று அக்காவுக்கு ஒரு பட்டாள சல்யூட் அடித்தார். அவள் பத்திரிகையை மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சாலை ஓரமாக, எப்போதும் நடப்பதுபோல நடந்தாள். அந்தத் தெருவில் அவளைப் பார்த்து யாரும் "சாப்பிட்டியா?" என்று கேட்காத முதல் நாள் அது.

அம்மா அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோயில்களைத் தவிர, அக்காவை நாலு பேர் பார்க்கும் இடங்களுக்கு அம்மா வருவதில்லை. எழுத்தாளர் வீடு என்பதால் எங்கள் வீடு அந்தப் பதினெட்டில் சேர்ந்ததும் இல்லை. நான் கோப்பையின் கதையை மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அக்கா பத்திரிகையைக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படி. படிச்சிட்டு எழுது."

அம்மா ஐந்தாவதுவரை படித்தவள். எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்துக்கொண்டு படித்தாள். கறுப்பைப் படித்தாள், சிவப்பைப் படித்தாள். ஒரு பக்கத்தில் அவள் உதடு நின்றுவிட்டது. பிறகு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எனக்குப் பொறுமை போயிற்று. கோப்பையை அவள் இன்னும் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. அக்கா நிலைப்படியில் நகராமல் நின்றாள்.

கடைசியில் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பேனா கேட்டாள். மிச்சமிருந்த அரைப் பக்கத்தில், கோட்டை விட்டு இறங்கியும் ஏறியும், ஒரே ஒரு வரி எழுதினாள்.

"இந்தக் கதையை எழுதினது என் சின்னப் பெண் இல்லை. நான்தான்."

நான் கத்திய கத்தலில் அப்பா ஷிப்ட் முடிந்து வந்த செருப்போடு உள்ளே ஓடி வந்தார். "பாருப்பா, நா எழுதினத அம்மா எழுதினேன்னு போட்டுக்கிது! கப்பு வந்ததும் அதுக்கு ஆச வந்துட்டுது!" அப்பா அந்த வரியைப் படித்தார். சிரிப்பார், அம்மாவைத் திட்டுவார் என்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தார். அவர் அதுவரை கீரை ஆய்ந்து நான் பார்த்ததில்லை. அம்மாவும் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை யாரையும் எங்கும் அழைத்துப் போகவும் இல்லை. அது எனக்குக் கண்ணில் படவே இல்லை; நான் இரண்டு வேளை சாப்பிடாமல் அம்மாவோடு டூ விட்டிருந்தேன்.

அன்று என்னால் பொறுக்க முடியாமல் போனது அம்மாவைக்கூட இல்லை, அக்காவைத்தான். அவள் வந்து பத்திரிகையை எடுத்தாள். அந்த வரியை ஒரு முறை படித்தாள். புதன்கிழமை எடுத்த சிவப்புப் பேனா இன்னும் அவள் கையில்தான் இருந்தது. என் கதை முழுக்கப் பொய், பொய் என்று கிறுக்கியவள், அம்மா எழுதிய அந்தப் பச்சைப் பொய்க்குப் பக்கத்தில் ஒன்றுமே எழுதாமல், பேனாவை மூடி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.